பூவா தலையா: எம்-சீல் ஒட்டிய நாணயம்

பையனோட பள்ளி ப்ராஜெக்டுக்காக ஐந்து ரூபாய் நாணயத்தில் பூ பக்கம் எம்-சீல் தடவிக் காயவைத்தேன். மேஜையில் சுழலவிட்டால் 100-க்கு 71 தலை. சுண்டிவிட்டுக் கையில் பிடித்தால் 52தான்! கனம் அதேதானே? (ராத்திரி பதினோரு மணிக்கு இந்தச் சத்தம், வீட்டம்மா பார்வையே சரியில்லை.)

பதில்:
அண்ணே, காற்றில் நாணயம் தன் எடை மையத்தைச் சுற்றித்தான் புரளும். எந்தப் பக்கம் கனமாக இருந்தாலும் ஏறக்குறைய பாதி நேரம் தலை மேலே. மேஜையில் விளிம்பில் நின்று சாயும்போதுதான் கனம் வேலையைக் காட்டும். புள்ளியியல் பேராசிரியர்கள் கெல்மனும் நோலனும் 2002-லேயே இதைக் கட்டுரையாக எழுதிவிட்டார்கள்.

கேட்டவர்:
அப்போ சுழலவிட்டு நியாயமா டாஸ் போடவே முடியாதா?

இன்னொருவர்:
முடியும் சார், கணித மேதை ஃபான் நாய்மன் சொன்ன வழி. இரண்டிரண்டாகச் சுழற்றுங்கள். தலை-பூ வந்தால் நீங்கள், பூ-தலை வந்தால் பையன். இரண்டும் ஒன்றானால் செல்லாது, மறுபடி. 0.71 × 0.29 எந்த வரிசையில் பெருக்கினாலும் 0.2059தானே? முடிவு வர சராசரியாக ஐந்து சுழற்று ஆகும்.

கேட்டவர்:
கடைசிப் பரோட்டாவுக்குப் போட்டுப் பார்த்தோம். தலை-தலை, தலை-தலை, பூ-தலை. பரோட்டா போச்சு.