ஹெச்-இன்டெக்ஸ் 9 என்றால் டாக்டர் ஃபெயிலா?

முனிர்கா மருத்துவர் | சனி, இரவு 10:40

டெல்லித் தமிழ் நண்பர்களுக்கு வணக்கம். இங்கே டாக்டர்களும் லேப் ஆட்களும் நிறைய பேர் இருக்கிறீர்கள். அதனால் மனதில் கிடப்பதைக் கொட்டிவிடுகிறேன்.

போன ஜனவரியில் பேராசிரியர் பதவிக்கு ஒரு இன்டர்வியூ. எந்த இடம் என்று கேட்காதீர்கள். நான் சமூக மருத்துவம், இருபத்திரண்டு வருட சர்வீஸ். யமுனைக்கு அந்தப் பக்கம் ஒரு காலனியில், காசநோய் மாத்திரையைப் பாதியில் நிறுத்துகிறவர்கள் ஏன் நிறுத்துகிறார்கள் என்று மூன்று வருடம் வீடு வீடாக ஏறி இறங்கி ஒரு பேப்பர் எழுதினேன். காரணம் பெரிய ரகசியம் இல்லை. டிஸ்பென்சரி திறப்பது ஒன்பது மணிக்கு, தினக்கூலிக்கு லேபர் சௌக்கில் ஆள் எடுப்பது எட்டு மணிக்குள் முடிந்துவிடும். மாத்திரைக்கு நின்றால் அன்றைய கூலி போச்சு. அந்தப் பேப்பரைக் கையில் வைத்துக்கொண்டு நச்சரித்து, மருந்து தரும் நேரத்தை ஏழு மணிக்கு மாற்ற வைத்தோம். பாதியில் நிறுத்துகிறவர்கள் குறைந்தார்கள்.

அந்தப் பேப்பருக்கு இன்றுவரை சைட்டேஷன் 4. அதில் 2 நானே போட்டுக்கொண்டது.

இன்டர்வியூவில் மேசைமேல் ஒரு எக்செல் பிரின்ட்அவுட். ஒருவர் ஹெச்-இன்டெக்ஸ் வரிசையில் பென்சிலை மேலிருந்து கீழே இழுத்துக்கொண்டே வந்தார், என் பெயரில் நிறுத்தினார், "ஒன்பதுதானா?" என்றார். அவ்வளவுதான் என் மூன்று வருடம். தேர்வானவருக்கு 31. நானூறு ஐந்நூறு பேர் பெயர் போடும் உலகக் கூட்டு ஆய்வுகளில் அவர் பெயரும் எங்கோ நடுவில் இருக்கும். நான் கொடுத்த ஃபைல், நான் போட்ட சிவப்பு ரப்பர் பேண்டு அதே இரட்டைச் சுற்றோடு திரும்பி வந்தது.

சொல்லுங்கள், இப்படி எண்ணி எண்ணி யாருக்கு என்ன லாபம்?

டோக்கன் 212 | சனி, இரவு 10:58

ஹெச்-இன்டெக்ஸ் என்றால் என்ன சார்? நான் மயூர் விஹாரில் அக்கவுண்டன்ட்.

முனிர்கா மருத்துவர் | சனி, இரவு 11:05

ஒருவருடைய பேப்பர்களை மற்றவர்கள் தங்கள் பேப்பர்களில் மேற்கோள் காட்டுவதுதான் சைட்டேஷன். குறைந்தது 9 சைட்டேஷனாவது வாங்கிய பேப்பர் 9 இருந்தால் ஹெச் 9. 2005ல் ஹிர்ஷ் என்ற இயற்பியல்காரர் கண்டுபிடித்தது. ஒரே ஒரு பேப்பர் எழுதி அதை ஐயாயிரம் பேர் மேற்கோள் காட்டினாலும் ஹெச் 1தான். 2020ல் ஹிர்ஷே இது மோசமாகத் தவறிப்போகவும் கூடும் என்று எழுதிவிட்டார். நம் ஊர் கமிட்டிகளுக்குச் செய்தி இன்னும் வந்து சேரவில்லை.

பழைய நூலகன் | ஞாயிறு, காலை 6:15

டாக்டர் சார், வருத்தம் புரிகிறது. ஆனால் தெர்மாமீட்டரை உடைத்தால் காய்ச்சல் போகாது.

நான் மருத்துவ நூலகத்தில் முப்பது வருடம் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். 1964ல் தொடங்கிய சயின்ஸ் சைட்டேஷன் இன்டெக்ஸ் தடித்தடி வால்யூம்களாக வரும், எறும்பு ஊர்கிற மாதிரி எழுத்து. பூதக்கண்ணாடி வைத்துத்தான் படிப்போம். ஒரு பேப்பரை அப்புறம் யார் யார் எடுத்துக்கொண்டார்கள் என்று தேட உதவத்தான் யூஜின் கார்ஃபீல்டு 1955ல் இந்த யோசனையைச் சொன்னார். இம்பாக்ட் ஃபேக்டரும் ஜர்னலை எடை போட வந்தது, ஆளை எடை போட இல்லை. ஒரு ஜர்னல் முந்தைய இரண்டு வருடத்தில் போட்ட கட்டுரைகளுக்கு இந்த வருடம் சராசரியாக எத்தனை மேற்கோள், அவ்வளவுதான் அது. எந்த ஜர்னலுக்குச் சந்தா கட்டலாம் என்று பார்க்க எங்களுக்கு அது போதும். அதை எடுத்து மனுஷன் நெற்றியில் ஒட்டியது கமிட்டிகள். கருவிமேல் பழி போடாதீர்கள்.

இன்னொன்று. எண்ணாமல் விட்டால் என்ன ஆகும்? 2016ல் சமீரன் நந்தி, நம் டெல்லி சர்ஜன், சகாக்களோடு ஒரு கணக்கு வெளியிட்டார். 579 இந்திய மருத்துவ நிறுவனங்கள், 2005 முதல் 2014 வரை. 332 இடங்களிலிருந்து பத்து வருடத்தில் ஒரு பேப்பர்கூட இல்லை. வருடத்துக்கு நூறுக்கு மேல் வந்த இடங்கள் வெறும் 25. எண்ணியதால்தானே இது வெளியே வந்தது?

கௌதம் நகர் மொட்டைமாடி | ஞாயிறு, காலை 11:30

மெடிக்கல் பிஜி, மேற்படிப்பு, இரண்டாம் வருடம். நைட் டூட்டி முடித்து இப்போதுதான் எழுந்தேன்.

நூலகர் சார், அந்தக் கணக்குக்கு முன்னாலும் பின்னாலும் நடந்ததைச் சொல்கிறேன். 2015ல் மெடிக்கல் கவுன்சில், புரமோஷனுக்கு இத்தனை பேப்பர் கட்டாயம் என்று விதியை இறுக்கியது. 2022ல், கவுன்சில் இடத்துக்கு வந்த புது ஆணையம், முதல் மூன்று ஆத்தர்களில் ஒருவராகவோ, ஜர்னலோடு கடிதப் போக்குவரத்து நடத்தும் கரஸ்பாண்டிங் ஆத்தராகவோ இருந்தால்தான் கணக்கு என்றது. எங்கள் வாட்ஸாப் குரூப்பில் இப்போது விலைப்பட்டியல் வருகிறது சார். பேப்பர் ரெடி, பெயர் மட்டும் போட வேண்டும். முதல் இடம் ஒரு ரேட், இரண்டாவது ஒரு ரேட், மூன்றாவது ஒரு ரேட். நான்காவதிலிருந்து அடிமாட்டு விலை. ஏன் என்று இப்போது புரிகிறதா? விதியைப் படித்துவிட்டுத்தான் விலை போட்டிருக்கிறான்.

2023ல் ஹிண்டாவி பதிப்பகம் மட்டும் எட்டாயிரத்துக்கு மேல் பேப்பர்களைத் திரும்பப் பெற்றது. அதையெல்லாம் எழுதினவர்களுக்கும் ஒரு காலம் ஹெச்-இன்டெக்ஸ் ஏறியிருக்கும்.

என் தீசிஸ் 60 நோயாளிகள். கைடு மேடம் சொல்கிறார், மூன்றாகப் பிரித்துப் போடு என்று. சலாமி வெட்டுவது என்பார்கள் இதை. நாம் வாழைக்காய் சீவுவது என்று வைத்துக்கொள்ளலாம்.

ஆர்.கே.புரம் அக்கா | ஞாயிறு, மதியம் 2:20

எல்லோரும் ஒரே பக்கம் சாய்வதற்கு முன்னால் எதிர்ப்பக்கம் இருந்து நான் பேசுகிறேன். நான் இம்யூனாலஜி (நோய் எதிர்ப்பியல்) லேபில் இருக்கிறேன், திருநெல்வேலிப் பக்கம்.

2009ல் ஒரு வேலைக்குப் போனேன். முதல் கேள்வி "உங்கள் கைடு யார்?" இரண்டாவது கேள்வி "அவருக்கு யார் கைடு?" மூன்றாவது கேள்வியே இல்லை. என் பேப்பரை அன்றைக்கும் யாரும் படிக்கவில்லை டாக்டர். எக்செல் தாள் இல்லாத பொற்காலம் ஒன்று இருந்ததாக நினைக்காதீர்கள், அப்போது சிஃபாரிஷ்தான் இருந்தது. இந்த ஊரில் மாமா, பெரியப்பா, கைடு யாரும் இல்லாத எனக்கு, இப்போது இருக்கும் வேலையை வாங்கிக் கொடுத்தது அந்த எண்தான். எண்ணுக்கு நான் எந்த ஊர், ஹிந்தி எவ்வளவு தடுமாறுகிறேன் என்று தெரியாது.

டாக்டருக்கு 9 என்று சொல்லி அநியாயம் நடந்தது. ஒப்புக்கொள்கிறேன். எனக்கு 14 என்று சொல்லி நியாயம் நடந்தது. அதையும் யாராவது ஒப்புக்கொள்ளுங்கள்.

முனிர்கா மருத்துவர் | ஞாயிறு, மாலை 5:45

மேடம், சிஃபாரிஷுக்கு நானும் எதிரிதான். ஆனால் எண்ணுக்கு ஆள் தெரியாது என்பதை ஒத்துக்கொள்ள மாட்டேன். யார் யாரை மேற்கோள் காட்டுவது என்பதிலும் அதே மாமா, பெரியப்பாதான். கூட்டு ஆய்வில் பெயர் வாங்கவும் ஒரு போன் கால் வேண்டும். ஜேஸ்டோர் என்ற ஆய்விதழ்க் களஞ்சியத்தில் இருக்கும் 15 லட்சம் கட்டுரைகளை அலசி 2017ல் வந்த ஆய்வு ஒன்று: தன்னைத்தானே மேற்கோள் காட்டிக்கொள்வது, பெண்களைவிட ஆண்கள் 56 சதவீதம் அதிகம். உங்கள் 14, ஓர் ஆண் கையில் எவ்வளவாக இருந்திருக்கும்?

உங்கள் லேபையும் என் தெருவையும் ஒரே தராசில் வைப்பது அடுத்த கூத்து. 1951ல் லௌரி எழுதிய, புரதத்தை அளக்கும் முறைக்கு மூன்று லட்சத்துக்கும் மேல் சைட்டேஷன். உலகத்திலேயே அதிகம். நல்ல பேப்பர்தான். ஆனால் லேபில் எல்லோரும் தினம் செய்கிற வேலைக்கான செய்முறைக் குறிப்பு. அந்தக் கணக்கில் பார்த்தால் சமையல் குறிப்புதான் பெரிய இலக்கியம்.

இதற்கு நேர் எதிர் சம்பு நாத் டே. கல்கத்தா. காலராக் கிருமி ஒரு நச்சைச் சுரக்கிறது, ஆளைக் கொல்வது அந்த நச்சு என்று 1959ல் நேச்சர் ஜர்னலில் எழுதினார். பல வருடம் யாரும் சீண்டவில்லை. அவர் அந்த வருடங்களில் உங்கள் கமிட்டி முன் வந்து நின்றிருந்தால் பென்சில் எங்கே நின்றிருக்கும்?

பழைய நூலகன் | ஞாயிறு, இரவு 8:10

டே பெயரை எடுத்ததற்கு நன்றி சார். அவர் என் பக்கத்து சாட்சி.

அவர் 1985ல் காலமானார். உயிரோடு இருந்தவரை நம் அறிவியல் அகாடமி எதுவும் அவரை ஃபெலோ ஆக்கவில்லை, பெரிய விருது ஒன்றும் தரவில்லை. இத்தனைக்கும் அகாடமியில் யார் உட்கார்ந்திருந்தார்கள்? எண்ணைப் பார்க்காத, "படித்து மதிப்பிடுகிற" நிபுணர்கள். 1986ல் காலரா ஆராய்ச்சியை சைட்டேஷன் வரைபடமாகப் போட்டு, இந்தக் கல்கத்தாக்காரரின் பேப்பர் ஒரு மைல்கல் என்று எழுதியது யார்? அதே கார்ஃபீல்டு. நிபுணர்கள் கண்ணுக்குத் தெரியாதது பூதக்கண்ணாடிக்குத் தெரிந்தது.

ஆர்.கே.புரம் அக்கா | ஞாயிறு, இரவு 8:32

ஐயா, உங்கள் கட்சியில் இருந்துகொண்டே கேட்கிறேன். பேப்பர் 1959, வரைபடம் 1986. அவர் செத்து ஒரு வருடம் கழித்து. புரமோஷன் இன்டர்வியூ மூன்று வருடத்துக்கு ஒருமுறை வருகிறதே?

பழைய நூலகன் | ஞாயிறு, இரவு 8:50

அடிபட்டது. சரி. அவர் பக்கம் யாருமே இல்லாமலும் இல்லை. 1978ல் நோபல் அறக்கட்டளை நடத்திய காலரா கருத்தரங்குக்கு அழைத்துப் பேச வைத்தார்கள். அது படித்தவர்கள் செய்தது, எண்ணியவர்கள் இல்லை. இதையும் நானே சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் டாக்டர் சொல்லுவார்.

ஆனால் எல்லா எண்ணும் முட்டாள் எண் இல்லை. அமெரிக்க அரசின் மருத்துவ ஆராய்ச்சி அமைப்பான என்ஐஹெச் 2016லிருந்து ஒரு விகிதம் வைத்திருக்கிறது. ஒரு பேப்பரை அதே துறைப் பேப்பர்களோடு மட்டும் ஒப்பிடும். காசநோய்த் தெரு ஆய்வு இம்யூனாலஜியோடு மோத வேண்டாம். ஐந்நூறு பேர் பேப்பருக்கு ஐந்நூறில் ஒரு பங்கு என்று வகுத்துக் கொடுக்கலாம். சொந்த மேற்கோளைக் கழிக்கலாம்.

முனிர்கா மருத்துவர் | ஞாயிறு, இரவு 9:15

கழித்தால் எனக்கு 2. மிச்சம் இருந்ததும் போச்சு.

சார், எண் தப்பு என்றால் மருந்தாக இன்னொரு எண்ணைத் தருகிறீர்கள். மதராஸ் ஆய்வை எந்த விகிதத்தில் போடுவீர்கள்? 1956ல் சேத்துப்பட்டில் தொடங்கிய காசநோய் மையம். சானடோரியம் என்ற காசநோய் ஆஸ்பத்திரியில் படுக்க வைத்து, பால் முட்டை கொடுத்து, ஓய்வோடு வைத்தியம் செய்தவர்களையும், நெரிசலான தன் வீட்டிலேயே, அரைகுறைச் சாப்பாட்டோடு மாத்திரை சாப்பிட்டவர்களையும் ஒப்பிட்டார்கள். வீட்டில் இருந்தவர்களும் கிட்டத்தட்ட அதே அளவு குணமானார்கள். வீட்டாருக்குத் தொற்றுவதும் அதனால் கூடவில்லை. 1959ல் உலக சுகாதார நிறுவனத்தின் புல்லட்டினில் வந்தது. உலகம் முழுக்க சானடோரியங்கள் காலியானதற்கு அது ஒரு பெரிய காரணம். இன்றைக்குக் காசநோய்க்கு வீட்டில் இருந்து மாத்திரை எழுதும் எந்த டாக்டரும் அதை மேற்கோள் காட்டுவதில்லை. காற்றை யார் மேற்கோள் காட்டுவார்கள்? ஒரு வேலை ரொம்ப நன்றாகப் பலித்துவிட்டால் அதன் பெயரே காணாமல் போய்விடுகிறது.

கௌதம் நகர் மொட்டைமாடி | ஞாயிறு, இரவு 9:40

தப்பான பேப்பருக்கும் சைட்டேஷன் குவியும் சார். தடுப்பூசிக்கும் ஆட்டிசத்துக்கும் முடிச்சுப் போட்ட வேக்ஃபீல்டு பேப்பர், 1998. அதைப் போட்ட லான்செட் ஜர்னல் 2010ல்தான் வாபஸ் வாங்கியது. திட்டுவதற்காக மேற்கோள் காட்டினாலும் எண் ஏறத்தான் செய்யும்.

டோக்கன் 212 | ஞாயிறு, இரவு 10:05

நடுவில் ஒரு சந்தேகம். அம்மாவுக்கு முழங்கால் ஆபரேஷன். ஆஸ்பத்திரி விளம்பரத்தில் "200 ஆய்வுக் கட்டுரைகள்" என்று டாக்டர் படத்தின் கீழ் போட்டிருக்கிறார்கள். நம்பிப் போகலாமா?

ஆர்.கே.புரம் அக்கா | ஞாயிறு, இரவு 10:12

தம்பி, அது வேறு கணக்கு. இதே ஆபரேஷனை வருடத்துக்கு எத்தனை செய்கிறார், அதில் எத்தனை பேருக்குச் சீழ் பிடித்தது, எத்தனை பேர் திரும்ப வந்தார்கள் என்று கேளுங்கள். முகம் சுளித்தால் வேறு இடம் பாருங்கள்.

டாக்டருக்கு: மதராஸ் உதாரணத்துக்கு என்னிடம் பதில் இல்லை. ஆனால் உங்கள் இன்டர்வியூவில் எண்ணை எடுத்துவிட்டால் அந்த பென்சில்காரர் ஃபைலைத் திறந்திருப்பாரா? யாருக்கு போன் வந்தது என்று பார்த்திருப்பார். ஆய்வை மதிப்பிடுவது பற்றி 2012ல் சான் பிரான்சிஸ்கோவில் போட்ட பிரகடனமும், 2015ல் வந்த லைடன் அறிக்கையும் இதைத்தான் சொல்கின்றன, எண் துணைக்கு, தீர்ப்பு படித்தவர் கையில் என்று. படிக்கிறவர் எங்கே இருக்கிறார்? அதுதான் எனக்குப் பயம்.

முனிர்கா மருத்துவர் | ஞாயிறு, இரவு 10:30

ஐந்து பேப்பர் மட்டும் கொடு, ஒவ்வொன்றால் என்ன மாறியது என்று அரைப்பக்கம் எழுது, அந்த ஐந்தை இரண்டு வெளியாட்கள் படித்துக் கையெழுத்துப் போட்டுக் கொடுக்கட்டும். இதற்குமேல் நான் ஒன்றும் கேட்கவில்லை. போன் வந்தாலும் கையெழுத்து நிற்கும் இல்லையா?

பழைய நூலகன் | ஞாயிறு, இரவு 10:41

கையெழுத்துப் போட்டவர் படித்தார் என்று யார் பார்ப்பது? சரி, உங்கள் பேப்பரின் லிங்க்கை அனுப்புங்கள்.

பழைய நூலகன் | திங்கள், காலை 5:50

படித்துவிட்டேன். லேபர் சௌக் பகுதி பிரமாதம். அட்டவணை 3ல், மாத்திரை நிறுத்தியதற்கான காரணங்களைக் கூட்டினால் 38 வருகிறது. கீழே மொத்தம் 36 என்று போட்டிருக்கிறீர்கள்.

முனிர்கா மருத்துவர் | திங்கள், காலை 7:25

பழைய ரெஜிஸ்டரை எடுத்துப் பார்த்தேன். 38தான் சரி. ரிவ்யூவர் இரண்டு பேர், எடிட்டர், நான்கு கோ-ஆத்தர், மேற்கோள் காட்டிய இரண்டு பேர், யாரும் கூட்டிப் பார்க்கவில்லை. ஜர்னலுக்குத் திருத்தம் அனுப்புகிறேன் சார்.

பழைய நூலகன் | திங்கள், காலை 7:31

அனுப்புங்கள். அதற்கு சைட்டேஷன் உண்டா என்று மட்டும் என்னைக் கேட்காதீர்கள்.