உச்சரிப்பு சரியா வராத குழந்தைகள்: இன்னும் மனசை உறுத்துற ஒரு சம்பவத்தைச் சொல்லுங்க

சாரல்

அக்கா பொண்ணு. நாலு வயசு முடியப் போகுது. க எல்லாம் த தான். கதவு ததவு, கை தை, கண்ணாடி தண்ணாடி. இங்க இருக்கிறவங்களுக்கு விளக்கவே வேணாம்.

எனக்கு உறுத்துறது வேற. வந்திருந்த உறவுக்காரர் ஒருத்தர் அவளைச் சீண்டுறதுக்காக, "என்னம்மா, என் தண்ணாடி எங்க?"ன்னார். எல்லாரும் சிரிச்சாங்க. அவ சிரிக்கல. "தண்ணாடி இல்ல! தண்ணாடி!"ன்னா. அவர் விடாம, "அதைத்தானே சொல்றேன், தண்ணாடி"ன்னார். அவர் சட்டையைப் பிடிச்சு இழுத்து, முதல் எழுத்தை அழுத்தி, கழுத்து நரம்பு புடைக்க "த்தண்ணாடி!"ன்னு கத்தினா. அவர் சொல்றது தப்புன்னு அவ காதுக்குத் தெரியுது. தன் வாயிலயும் அதேதான் வருதுன்னு தெரியல. அதுக்கப்புறம் அந்த மனுஷர் எது கேட்டாலும் தலையாட்டல்தான், ஒரு வார்த்தை பேசல.

இப்படிப் பார்த்தவங்க வேற யாராவது இருக்கீங்களா?

ஒலிமுத்து

நான் ஸ்பீச் தெரபிஸ்ட். சாரல், அந்தப் பொண்ணு கோபப்பட்டதுல முழு நியாயம் இருக்கு. ஜீன் பெர்கோ, ராஜர் பிரவுன்னு ரெண்டு ஆய்வாளர்கள் 1960-லயே இதை எழுதி வெச்சிருக்காங்க. ஒரு பையன் தன்னோட பிளாஸ்டிக் மீனை "ஃபிஸ்"ங்கிறான். "இது உன் ஃபிஸ்ஸா?"ன்னு கேட்டா இல்லைங்கிறான். "ஃபிஷ்ஷா?"ன்னு கேட்டதும், "ஆமா, என் ஃபிஸ்"ங்கிறான். காது ரெண்டையும் பிரிச்சுக் கேட்குது, வாய்க்கு இன்னும் அந்த வித்தியாசம் கைவரல.

என்னை விட்டுப் போகாதவன் ஒரு பையன். அவனுக்கும் க கிடையாது. மேஜையில ரெண்டு படம், கம்பி ஒண்ணு, தம்பி ஒண்ணு. பிள்ளை எதைச் சொல்லுதோ அதைத்தான் எடுத்துக் கொடுக்கணும், எதை மனசுல நினைக்குதோ அதை இல்ல. அவனுக்குக் கம்பிப் படம் வேணும். "தம்பி குடுங்க"ன்னான். தம்பியைக் கொடுத்தேன். படத்தைப் பார்த்தான், என்னைப் பார்த்தான். மறுபடியும் "தம்பி". மறுபடியும் அதே படம். அடுத்த தடவை வாயைத் திறந்தவன் அப்படியே நின்னுட்டான். நாக்கைப் பின்னால இழுத்துத் தொண்டைப் பக்கம் எதையோ தேடினான். வந்தது சுத்தமான க இல்ல, இருமலுக்கும் க-வுக்கும் நடுவுல ஒரு சத்தம். நான் உடனே கம்பியை எடுத்து நீட்டினேன். அவன் படத்தை வாங்கவே இல்ல, என் முகத்தையே பார்த்துட்டு நின்னான். வீட்ல எல்லாருக்கும் அவன் சொல்ல வந்தது புரிஞ்சுடும். அதனால மாத்திக்கணும்னு அவனுக்கு அதுவரைக்கும் ஒரு காரணமே இருந்ததில்ல.

சாரல் கேட்காட்டியும் ஒண்ணு சொல்லிடறேன். க-வைத் த-ன்னு சொல்றது பொதுவா மூணரை, நாலு வயசுக்குள்ள தானா மறையும். அதைத் தாண்டியும் நின்னா காட்டுங்க. தலைகீழா, த வர வேண்டிய இடத்துல எல்லாம் க வந்தா அது வழக்கமான பாதையில்ல. அதுக்கு வயசு பார்த்துக் காத்திருக்கவே வேணாம்.

இளங்காற்று

எங்க விஷயம் காது. பிறந்தப்போ செய்யற செவித்திறன் சோதனையில என் பையன் பாஸ். அதனால காதுன்னு யாருமே யோசிக்கல. சொல்லோட கடைசி மெய் காணாம போகும், சளி பிடிச்சா பேச்சு இன்னும் மோசமாகும், பின்னாலேருந்து கூப்பிட்டா திரும்ப மாட்டான். பள்ளியில "கவனம் இல்லை"ன்னு எழுதி அனுப்பிட்டாங்க.

கேட்கும் திறனைச் சோதிக்கிற ஆடியாலஜிஸ்ட், செவிப்பறை அசையுதான்னு பார்க்கிற கருவியோட ரப்பர் முனையை முதல்ல தன் காதுல வெச்சுக் காட்டினார். திரையில கோடு நடுவுல கூம்பா எழும்பி இறங்குச்சு. பையன் அதைப் பார்த்துக் கை தட்டினான். அடுத்து அவன் காது. கோடு எழும்பவே இல்ல. இந்த ஓரத்துலேருந்து அந்த ஓரம் வரைக்கும் படுத்தே போச்சு. "என் மலை எங்கப்பா?"ன்னு கேட்டான். மத்தக் காதுலயும் மலை இல்ல.

செவிப்பறைக்குப் பின்னால நீர் கோத்து, பறை அசையாம நின்னிருக்கு. வலி கிடையாது, காய்ச்சல் கிடையாது, காது ஒழுகவும் இல்ல. இதுல கேட்கும் திறன் குறையறது பெரும்பாலும் 20, 30 டெசிபல் அளவுதான். கதவைச் சாத்தினா திரும்புவான், அதனால வீட்ல யாருக்கும் சந்தேகமே வராது. ஆனா ச, ஸ, ஃப மாதிரி மெல்லிய ஒலிகளும் சொல்லோட முடிவும் உள்ள போய்ச் சேராது. மூணு மாசம் பார்க்கலாம்னார் டாக்டர். நீர் வத்தல, செவிப்பறையில சின்னக் குழாய் வெச்சாங்க. பேச்சுப் பயிற்சி அதுக்கப்புறமும் தேவைப்பட்டுச்சு. பிறந்தப்போ பாஸ் ஆனதை வெச்சு இப்பவும் காது நல்லா இருக்குன்னு முடிவு பண்ணிடாதீங்க, தயவு செஞ்சு.

நாணல்

அண்ணன் பையனுக்கு மூணு வயசு வரைக்கும் பேச்சு வெளியாளுக்குப் புரியாது. ஒருநாள் மாடிப்படியில நின்னு என் பேரை முழுசா, ஒரு எழுத்து பிசகாமச் சொல்லிக் கூப்பிட்டான். ஏறிட்டிருந்தவன் அப்படியே உட்கார்ந்துட்டேன். என் கதை அவ்வளவுதான்.

ஆனா இங்க நிறைய பேர் தவிக்கிறீங்க, அதனால சொல்றேன். தினமும் விசில் ஊதச் சொல்லுங்க. ஸ்ட்ராவால தண்ணியில குமிழி விடச் சொல்லுங்க. கண்ணாடி முன்னால நாக்கை மூக்கு நுனிக்கும் தாடைக்கும் கொண்டு போகச் சொல்லுங்க, கன்னத்தை உப்பி அடக்கிப் பழக்குங்க. நாக்குத் தசைக்குப் பலம் வந்தா எழுத்து தானா வரும். நாக்குக்குக் கீழ ஒட்டியிருக்கான்னு பாருங்க, இருந்தா சீக்கிரம் வெட்டிடுங்க, சின்ன வேலைதான். வீட்ல ரெண்டு மொழி பேசுறவங்க ஒண்ணை நிறுத்திடுங்க, பிள்ளை குழம்பிடும். தப்பாச் சொன்னா அப்பப்ப நிறுத்தித் திருப்பிச் சொல்ல வையுங்க, விட்டீங்கன்னா அதுவே பழகிடும். போனைக் கையில கொடுக்காதீங்க. படம் காட்டிக் கதை சொல்லுங்க. எல்லாத்துக்கும் மேல பொறுமையா இருங்க, அஞ்சு வயசுல தானா வந்துடும்.

வெண்முகில்

நாணல் அண்ணா, நல்ல மனசோடதான் சொல்றீங்க. ஆனா ஊதுற விஷயத்துக்குப் பதில் சொல்லாம என்னால நகர முடியாது.

என் பொண்ணுக்கு ப வராது, ம தான். பந்து மந்து, படம் மடம். நீங்க சொன்ன அதே விசில், அதே குமிழி. பார்த்தவங்க எல்லாரும் அதைத்தான் சொன்னாங்க. குமிழி வரவே வராது, காத்தெல்லாம் மூக்கு வழியா போயிடும். "முயற்சியே பண்ண மாட்டேங்குற"ன்னு அவகிட்டயே சொன்னவங்க உண்டு. கடைசியா ஒரு பயிற்சியாளர் சின்னக் கண்ணாடித் துண்டை அவ மூக்குக்குக் கீழ பிடிச்சு, "பாப்பா சொல்லு"ன்னாங்க. அந்தச் சொல்லைச் சொல்றப்போ மூக்குல காத்தே வரக்கூடாது. சொன்னா. கண்ணாடியில ரெண்டு வட்டமா ஆவி படிஞ்சுச்சு. அப்புறம் டார்ச் அடிச்சு என்னையும் குனிஞ்சு பார்க்கச் சொன்னாங்க. உள்நாக்கு நுனியில ரெண்டாப் பிரிஞ்சிருந்துச்சு. அண்ணத்துல மேல தோல் மூடியிருக்கு, உள்ள தசை ஒண்ணு சேரல. வெளியில பிளவு எதுவும் தெரியாததால பிறந்ததுலேருந்து யார் கண்ணுலயும் படல. எத்தனை விசில் ஊதினாலும் அந்தத் தசை சேராது. அறுவை சிகிச்சை முடிஞ்சு, அதுக்குப் பிறகு ப-வை முதல்லேருந்து கத்துக்கிட்டா.

அண்ணம் சரியா இருக்கிற பிள்ளைக்கும் ஊதுறதாலயோ நாக்கைச் சுழட்டுறதாலயோ பேச்சொலி வருதுன்னு நிரூபணம் கிடையாது. பேச்சைப் பேசித்தான் பழக முடியும். நாக்குக்குக் கீழ ஒட்டியிருக்கிற விஷயமும் அப்படித்தான். க பிறக்கிறது நாக்கோட பின்பக்கத்துல. முன்பக்கம் ஒட்டியிருக்கிறதுக்கும் சாரல் அக்கா பொண்ணோட க-வுக்கும் சம்பந்தமே இல்ல. பேச்சுக்காகன்னு சொல்லி யாராவது வெட்டச் சொன்னா, வேற ஒருத்தர்கிட்டயும் கேட்டுட்டு முடிவு பண்ணுங்க.

நாணல்

எங்க பையனுக்கு ஊதினதாலதானேம்மா வந்துச்சு?

ஒலிமுத்து

இல்லீங்க. மூணு வயசுக்கு மேல பேச்சு தானா தெளியற காலமும் அதுதான். நாலு வயசுல பிள்ளை பேசுறது புதுசா வர்றவங்களுக்கும் பெரும்பாலும் புரியணும். ஒண்ணு ரெண்டு எழுத்து அப்பவும் தடுமாறலாம், அது வேற. நிறுத்தித் திருப்பிச் சொல்ல வைக்கிறதையும் விட்டுடுங்க. பிள்ளை "ததவு"ன்னா, "ஆமா, கதவு திறந்திருக்கு, கதவைச் சாத்தலாமா?"ன்னு நீங்க சரியாச் சொல்லிட்டுப் பேச்சைத் தொடருங்க. அது தேர்வாயிடக் கூடாது.

கரும்பலகை

நான் முதல் வகுப்பு ஆசிரியை. "தானா வந்துடும்" என்று சொல்கிறவர்களுக்காகவே எழுதுகிறேன். ஆறு வயதுப் பையன். டிக்டேஷனில் "கண்" என்றேன். அவன் பென்சிலை வைத்துக்கொண்டு உதட்டுக்குள் "தண்" என்று சொல்லிப் பார்த்தான். பிறகு த எழுதினான். நிமிர்ந்து என் வாயைப் பார்த்தான். அழித்தான். மீண்டும் "தண்" என்று முணுமுணுத்தான், மீண்டும் த எழுதினான். அந்த இடத்தில் தாள் கிழிந்துவிட்டது. மற்ற பிள்ளைகள் அடுத்த சொல்லுக்குப் போய்விட்டார்கள், அவன் கிழிசலை விரலால் அழுத்தி ஒட்ட வைத்துக்கொண்டிருந்தான்.

27 மொழிகளின் குழந்தைகளைப் பற்றிய ஆய்வுகளைத் திரட்டி ஷாரன் மெக்லியோடும் கேத்ரின் குரோவும் 2018-இல் வெளியிட்ட கட்டுரையைப் படித்திருக்கிறேன். ஐந்து வயதுக்குள் பெரும்பாலான மெய்யொலிகள் வந்துவிடுகின்றன என்கிறது. அதாவது ஐந்து வயது என்பது காத்திருப்பின் தொடக்கம் அல்ல, ஏறக்குறைய முடிவு. பள்ளிக்கு வரும்போதும் ஒலிக் குழப்பம் நீடிக்கிற பிள்ளைகள் வாசிப்பிலும் எழுத்துக்கூட்டுவதிலும் சிரமப்படும் வாய்ப்பு அதிகம். பெற்றோரைக் கூப்பிட்டுச் சொன்னால், "என் தம்பியும் இப்படித்தான் இருந்தான்" என்கிறார்கள். அந்தத் தம்பி எப்படி எழுதினார் என்று யாரும் சொல்வதில்லை.

மின்மினி

என் மகள் "நிலா"ன்னு ஒரே ஒரு தடவை சொன்னா. ஜன்னலோரமா நின்னு, யாரும் கேட்காம, மணி அடிச்ச மாதிரி. ஓடிப் போய், "இன்னொரு தடவை சொல்லுடா"ன்னேன். வாயைத் திறந்தா. உதட்டைக் குவிச்சா, மூடினா, நாக்கை வெளிய நீட்டினா, உள்ள இழுத்தா. "ஆவா". அப்புறம் "மிகா". அப்புறம் "நா". ஒவ்வொரு தடவையும் வேற வேற. கண்ணு என் மேலயே இருந்துச்சு. என்ன சொல்லணும்னு அவளுக்குத் துல்லியமாத் தெரியும்.

இதைத்தான் பேச்சு அப்ராக்ஸியான்னாங்க. தசை பலவீனம் இல்ல, அசைவைத் திட்டமிடுறதுல இருக்கிற சிக்கல். ஒரே சொல் ஒவ்வொரு தடவையும் மாறி வர்றது, ஒரு ஒலியிலேருந்து அடுத்ததுக்குப் போறப்போ தடுமாறுறது, பேச்சோட தாளமும் அழுத்தமும் பொருந்தாம இருக்கிறது. இந்த மூணையும் அமெரிக்கப் பேச்சு, மொழி, செவித்திறன் சங்கம் 2007 அறிக்கையில குறிச்சிருக்கு. இதுக்குப் பயிற்சி அடிக்கடி வேணும், குறைஞ்ச சொற்களை நிறையத் தடவை சொல்ல வைக்கணும். "அன்னிக்குச் சொன்னாளே, இன்னிக்கு வேணும்னே சொல்ல மாட்டேங்குறா"ன்னு யாராவது சொல்றப்போ எனக்கு இன்னும் உடம்பு பதறுது. வேணும்னே பண்றது இல்லீங்க அது.

புதுவரவு

எல்லாத்தையும் படிச்சுட்டு பயமா இருக்கு. என் பையனுக்கு நாலு வயசு. மத்தது எல்லாம் தெளிவு, ழ மட்டும் வரல, மழையை மயைங்கிறான். வீட்ல நாங்க ரெண்டு மொழி பேசுறோம். ஒண்ணை நிறுத்தணுமா?

ஒலிமுத்து

வேணாம், ரெண்டையும் பேசுங்க. ரெண்டு மொழி கேட்டு வளர்றதால ஒலிக் கோளாறு வராது. உண்மையான கோளாறுன்னா ரெண்டு மொழியிலயும் அதோட அடையாளம் தெரியும். அதனால யாரைப் பார்த்தாலும் ரெண்டு மொழியிலயும் சோதிக்கச் சொல்லுங்க. ப, ம, த, ந எல்லாம் முன்னாடியே வந்துடும். ர, ற, ழ மெதுவா வர்ற கூட்டம், நாலு வயசுல ழ மட்டும் வராததுக்கு இப்போ பயப்பட வேண்டியதில்ல. வீட்ல பெரியவங்க மழையை மளைன்னு சொல்றாங்களான்னும் கொஞ்சம் கவனிங்க. அவன் கேட்கிறதே அதுதான்னா ழ-வை எங்கேருந்து எடுப்பான்? காதுச் சோதனை மட்டும் ஒரு தடவை பண்ணிடுங்க, இளங்காற்று சொன்ன அந்தக் கூம்புச் சோதனையும் சேர்த்து.