நேசமணி கட்டுரை: ஏத்துறதுக்கு முன்னால

தம்பி: மார்ஷல் நேசமணி வரைவை விக்கிப்பீடியா மணல்தொட்டியில (எழுதிப் பாக்க பக்கத்துல) போட்டாச்சு. முதல் பத்தி இது 👇
"மார்ஷல் நேசமணி 12 சூன் 1895-ல் கன்னியாகுமரி மாவட்டம் பள்ளியாடியில் பிறந்தார். 1952 முதல் 1968 வரை காங்கிரஸ் சார்பில் தமிழ்நாட்டின் கன்னியாகுமரி தொகுதி எம்.பி.யாக இருந்து, 73-ம் வயதில் 1 சூன் 1968-ல் மறைந்தார்."
இன்னைக்கே ஏத்தலாமா பெரியப்பா?

பெரியப்பா: ஏத்தாதே மக்கா. பிறந்த நாளும் மறைஞ்ச நாளும் ஊரும் சரி. மத்ததெல்லாம் பாக்கணும்.

பெரியப்பா: 1895-ல கன்னியாகுமரி மாவட்டம் எங்க இருந்துது? அப்போ இது திருவிதாங்கூர் சமஸ்தானம். அகஸ்தீஸ்வரம், தோவாளை, கல்குளம், விளவங்கோடு நாலு தாலுகாவும் மதராஸ் மாநிலத்தோட இணைஞ்சு மாவட்டம் ஆனது 1956 நவம்பர் 1-ல. அதுக்காகத்தான் அந்த மனுசன் பாடுபட்டாரு. அவரு பிறக்கும்போதே மாவட்டம் இருந்துதுன்னு எழுதினா போராட்டத்துக்கே அர்த்தம் இல்லாம போயிடும், கேட்டியா.

தம்பி: அப்போ எப்படி எழுதணும்?

பெரியப்பா: "பள்ளியாடி, திருவிதாங்கூர் (இன்றைய கன்னியாகுமரி மாவட்டம்)". இதே கணக்குதான் எம்.பி. பதவிக்கும். 1952-ல ஜெயிச்சது திருவிதாங்கூர்-கொச்சி மாநிலத்தின் நாகர்கோவில் தொகுதி. 1962, 1967-லயும் நாகர்கோவில்தான், ஆனா மாநிலம் மதராஸ். தமிழ்நாடுன்னு பேரு மாறினது 1969 ஜனவரி 14-ல, அவரு போன பிறகு. கன்னியாகுமரின்னு மக்களவைத் தொகுதி வந்தது தொகுதி மறுசீரமைப்புக்குப் பிறகு, 2009 தேர்தலுக்கு.

நான்: "1952 முதல் 1968 வரை"ன்னு ஒரே கோடா இழுத்ததுதான் பெரிய பிழை தம்பி. 1957-ல நாகர்கோவில் எம்.பி. தாணுலிங்க நாடார். நேசமணி அந்த வருசம் கிள்ளியூர் சட்டமன்றத்துக்குப் போனாரு. தகவற்பெட்டியில (கட்டுரையோட ஓரத்துல வாற சுருக்க அட்டவணை) ஒவ்வொரு பதவிக்கும் தனித்தனி வரிசை போடு. 1952 எம்.பி. ஒண்ணு, 1957 எம்.எல்.ஏ. ஒண்ணு, 1962-ல இருந்து 1968 வரை எம்.பி. ஒண்ணு. கடைசி வரிசையில அடுத்து வந்தவர் காமராஜர், 1969 ஜனவரி இடைத்தேர்தல்.

தம்பி: கட்சி?

பெரியப்பா: 1952-ல திருவிதாங்கூர் தமிழ்நாடு காங்கிரஸ். வெறும் "காங்கிரஸ்"னு போட்டா இணைப்பு இந்திய தேசிய காங்கிரஸுக்குப் போயிடும். அன்னைக்கு ரெண்டும் எதிர் எதிர்க் கட்சி. 1957-ல இருந்துதான் இந்திய தேசிய காங்கிரஸ்.

சித்தி: வயசும் தப்பு. 1968-ல இருந்து 1895-ஐக் கழிச்சா 73 வரும். ஆனா பிறந்த நாளுக்கு 11 நாள் இருக்கும்போதே போயிட்டாரு. 72-தான். நாள் மாசம் வருசம் மூணையும் வார்ப்புருவில (விக்கியில இருக்க ஆயத்த அச்சு) கொடுத்தா அதுவே கணக்குப் போட்டுக்கும், கையால எழுதாதே.

சித்தி: இன்னொண்ணு. நம்ம பக்கத்துப் பழைய ஆளுகளுக்கு பிறந்த வருசம் ஒண்ணு முன்ன பின்ன வாறதுக்கு கொல்லம் ஆண்டும் (மலையாள வருசக் கணக்கு) ஒரு காரணம். சிங்ங மாசம், அதாவது ஆகஸ்டு நடுவுல வருசம் பிறக்கும். அதுல இருந்து டிசம்பர் முடிய 824 கூட்டணும். ஜனவரியில இருந்து அடுத்த சிங்ஙம் வரை 825. 1895 சூன் 12-ன்னா 1070 இடவ மாசம். 1070-ஓட 825. அங்க 824 கூட்டினா 1894 ஆயிடும்.

தம்பி: வீட்டுப் பெட்டியில இருக்க பழைய பத்திரத்தைச் சான்றாக் காட்டலாமா?

நான்: கூடாது. அச்சாகி வெளிவந்தது, வேற ஆளும் தேடிப் பாக்க முடிஞ்சதுதான் சான்று. பதவிக்கும் தொகுதிக்கும் தேர்தல் ஆணையத்துப் புள்ளிவிவர அறிக்கை, மக்களவை உறுப்பினர் பட்டியல். புத்தகம்னா பக்க எண் கட்டாயம். மலையாள விக்கியில இருக்கு, ஆங்கில விக்கியில இருக்குன்னு சொல்லி அதையே சான்றாக் காட்டக் கூடாது. அங்க என்ன சான்று வச்சிருக்கோ அதைத் திறந்து படிச்சுட்டு அதைக் காட்டு.

தம்பி: 1954-ல இணைப்புப் போராட்டக்காரங்க மேல போலீஸ் நடத்தின துப்பாக்கிச்சூடு பத்தி நாலு பத்தி எழுதியிருக்கேன்.

பெரியப்பா: ஆகஸ்டு 11, மார்த்தாண்டம், புதுக்கடை. பட்டம் தாணுப்பிள்ளை முதலமைச்சர், பிரஜா சோசலிஸ்ட் கட்சி. அவரையும் காங்கிரஸ்னு எழுதிடாதே. செத்தவங்க எண்ணிக்கை நூலுக்கு நூல் மாறுது. ஒண்ணை மட்டும் எடுக்காம, எந்த நூல் எத்தனைன்னு சொல்லுதுன்னு பேரோட எழுது. உயிரு போன விசயம், நம்ம வசதிக்கு எண்ணிக்கையைக் கூட்டவும் குறைக்கவும் கூடாது.

நான்: இந்தக் கட்டுரையில அதுக்கு ஒரு பத்தி போதும். மீதியைத் தனிக் கட்டுரையா வச்சு இணைப்புக் கொடு. அப்புறம் "மார்ஷல்" பட்டம், ராணுவப் பதவி இல்ல. முதல் வரியில "அ. நேசமணி"ன்னு தொடங்கி, "மார்ஷல் நேசமணி என அறியப்படுகிறார்"னு எழுது. "மாபெரும்", "ஒப்பற்ற" எல்லாம் எடுத்துடு. அவரு செஞ்சதை வருசத்தோட எழுதினாலே போதும்.

தம்பி: படம் முகநூல்ல இருந்து எடுத்தது.

நான்: வேண்டாம், எடுத்தவரு உரிமை அது, நீக்கிடுவாங்க. பொது இடத்துல நிரந்தரமா நிக்க சிலையை நீயே படம் எடுத்துப் பொதுவகத்துல (விக்கியோட படக் கிடங்கு) ஏத்து. இந்தியச் சட்டம் அதை அனுமதிக்குது.

தம்பி: இது முடிஞ்சதும் இப்போ இருக்க எம்.எல்.ஏ. பக்கத்தையும் திருத்தட்டுமா? வழக்கு இருக்குன்னு வேட்புமனுவோட கொடுத்த பிரமாணப் பத்திரம், படிவம் 26-லயே இருக்கே.

நான்: உயிரோட இருக்கவங்க பக்கம்னா இன்னும் கவனம் வேணும். பிரமாணப் பத்திரத்தையோ எஃப்.ஐ.ஆரையோ நேரா சான்றாக் காட்டி வழக்கு எழுதாதே. நம்பகமான செய்தித்தாள் எழுதியிருந்தா மட்டும், அதுவும் எந்த நிலையில நிக்குன்னு தேதியோட. தீர்ப்பு வராம குற்றவாளின்னு ஒரு சொல்லும் வரக்கூடாது. கட்சியில சம்பளத்துக்கு வேலை பாக்கவங்க அதை வெளிப்படையாச் சொல்லணும். கட்டுரையைத் தொடாம உரையாடல் பக்கத்துல கோரிக்கை வைக்கது நல்லது.

சித்தி: யாராவது மாத்தி எழுதினா திரும்பத் திரும்ப மீட்டுக்கிட்டு நிக்காதே மக்கா. 24 மணி நேரத்துல 3 தடவைக்கு மேல போனா தடை. ரெண்டாவது தடவையே உரையாடல் பக்கத்துக்குப் போ.

தம்பி: திருத்தினது 👇
"அ. நேசமணி (12 சூன் 1895 – 1 சூன் 1968), மார்ஷல் நேசமணி என அறியப்படுபவர், திருவிதாங்கூரின் பள்ளியாடியில் (இன்றைய கன்னியாகுமரி மாவட்டம்) பிறந்த அரசியல்வாதி. நாகர்கோவில் தொகுதியிலிருந்து 1952, 1962, 1967 தேர்தல்களில் மக்களவைக்கும், 1957-ல் கிள்ளியூரிலிருந்து சட்டமன்றத்துக்கும் தேர்ந்தெடுக்கப்பட்டார்."

பெரியப்பா: இது நேசமணி.

நான்: 1957-க்குச் சான்று விட்டுப்போச்சு, அறிக்கையின் பக்க எண் போடு. எல்லாத்தையும் ஒரே சேமிப்புல அடைக்காதே. தொகுதி விவரம் ஒண்ணு, 1954 பத்தி ஒண்ணு, படம் ஒண்ணு, ஒவ்வொண்ணுக்கும் தொகுப்புச் சுருக்கம் (என்ன மாத்தினேன்னு ஒரு வரி) எழுது. ஒண்ணை யாராவது நீக்கினாலும் மத்தது நிக்கும். விக்கித்தரவுல (விக்கிகளுக்குப் பொதுவான தரவுத்தளம்) தேதி சரியான்னும் பாத்துடு.