பழம் போட்டு வாஃபிள் செய்தவர்கள் உங்கள் அனுபவத்தைச் சொல்லுங்கள்

உவர்மலை வாசி

தம்பி யாழ்ப்பாணத்திலிருந்து ஒரு பெட்டி கறுத்தக்கொழும்பான் மாம்பழம் கொண்டுவந்திருந்தான். ஞாயிற்றுக்கிழமை காலை, பிள்ளைகள் பாண் வேண்டாம் என்று நின்றார்கள். வாஃபிள் மெஷின் இருக்கிறது, மா இருக்கிறது, முட்டை இருக்கிறது. நன்றாகக் கனிந்த பழமாகப் பார்த்துப் பிழிந்து, ஒரு கோப்பைச் சாற்றை மாவில் கலந்து ஊற்றினேன். பச்சை லைட் எரிந்தது. மூடியைத் தூக்கினால் வாஃபிள் இரண்டாகக் கிழிந்து பாதி மேல் தகட்டில், பாதி கீழ்த் தகட்டில். வெளிப்பக்கம் கறுத்துவிட்டது, நடுப்பகுதி வேகவே இல்லை.

என்னை உறுத்துவது அது இல்லை. கீழ்ப் பாதியில், கரிந்ததற்கும் வேகாததற்கும் இடையில், பொன்னிறமாக ஒரு சின்னத் துண்டு சரியாக வெந்திருந்தது. மகள் அதைக் கரண்டியால் கிள்ளி வாயில் வைத்துவிட்டு, "அம்மா, இது மாம்பழமாவே இருக்கு" என்றாள். நானும் கிள்ளிப் பார்த்தேன். உண்மைதான். பழத்தை வெட்டிச் சாப்பிட்டால் வருவதைவிடக் கூட வாசம், கொஞ்சம் பாகு முறுகிய ருசியோடு. பிறகு வெறும் மாவில் சுட்டு மேலே பழத்துண்டு வைத்துக் கொடுத்தேன். மொறுமொறுப்பாக வந்தது, எல்லோரும் சாப்பிட்டார்கள். ஆனால் அந்த ருசி அதில் இல்லை. அதை ஒரு வாஃபிள் முழுவதிலும் கொண்டுவந்தவர்கள் யாராவது இருந்தால் சொல்லுங்கள்.

நிலாவெளி குசினி

அக்கா, நான் திருகோணமலைப் பக்கம் நிலாவெளியில் ஒரு விருந்தினர் விடுதியில் சமையலில் நின்றவன். மே முதல் செப்டம்பர் வரை கடல் அமைதியாக இருக்கும் காலத்தில் வெள்ளைக்காரர்கள் நிறைய வருவார்கள். காலைச் சாப்பாட்டுக்கு ரொட்டி, சம்பல் கேட்பவர்கள் பாதி, வாஃபிள் கேட்பவர்கள் பாதி.

ஒருநாள் தலைமைச் சமையல்காரர் முதல்நாள் இரவே அன்னாசியைப் பொடியாக வெட்டி, எருமைத் தயிரில் கலந்து, கித்துள் பாணியும் (கித்துள் மரத்துப் பாகு) விட்டு ஃபிரிட்ஜில் வைத்தார். காலையில் அவசரம். அப்படியே எடுத்துச் சூடான வாஃபிளுக்கு மேல் ஊற்றிக் கொடுத்தோம். ஒரு வயதான அம்மா ஒரு வாய் வைத்தார். கரண்டியை வைத்துவிட்டு என்னைக் கூப்பிட்டு, கோபமே இல்லாமல், "நீ இதைச் சாப்பிட்டுப் பார்" என்று கோப்பையை என் பக்கம் தள்ளினார். பாணியையும் தாண்டி நாக்கின் அடியில் நிற்கிற கசப்பு. தயிரும் உடைந்து தண்ணீர் விட்டிருந்தது. அந்த அம்மாவின் முகம் இன்றைக்கும் என் கண்ணில் நிற்கிறது. நல்ல தயிர், நல்ல அன்னாசி, இரண்டுமே வீணாய்ப் போனது.

பச்சையான, அதாவது சூடு காட்டாத அன்னாசியில் புரோமெலைன் என்று ஒரு நொதியம் இருக்கிறது. அது பாலிலும் தயிரிலும் உள்ள புரதத்தை வெட்டும், வெட்டுப்பட்ட துண்டுகள்தான் கசக்கும். பப்பாப்பழத்தில் பப்பைன், அதுவும் இதே வேலைதான், காயில் கூடுதல், பழத்தில் குறைவு. சூடு காட்டினால் இரண்டும் செத்துப்போகும். அன்னாசியை வெட்டிக் கொஞ்சம் சீனியோடு தாச்சியில் கொதிக்கவிட்டு ஆறவைத்த பிறகு தயிரில் போட்டால் ஒன்றும் ஆகாது. டின் அன்னாசி ஏற்கெனவே சூடுபட்டது என்பதால் அதிலும் பயமில்லை. அடித்த மாவில் பச்சை அன்னாசி போட்டால் உடனே சுட்டுவிட வேண்டும், ஊறவைக்கக் கூடாது.

உங்கள் மாம்பழத்தில் இந்தப் பிரச்சினை இல்லை. அங்கே தண்ணீரும் சீனியும்தான் பிரச்சினை. ஒரு கோப்பைச் சாறு என்றால் முக்கால்வாசிக்கு மேல் தண்ணீர்.

வயரிங் அண்ணன்

பிரதான வீதிப் பக்கம் ஒரு வீட்டுக்குக் கூப்பிட்டார்கள். கனடாவிலிருந்து மகன் அனுப்பிய வாஃபிள் மெஷின். குத்தி இரண்டு நிமிடம்கூட இல்லை, மூடி இடுக்கால் நீலப் புகை. நான் போகும்போது மேசைத் துணியில் வட்டமாகக் கருகிய அடையாளம், மாக் கலவைக் கோப்பை அப்படியே பக்கத்தில், அந்த அம்மா அதைப் பார்த்துக்கொண்டு இருந்தார். பெட்டியின் ஒட்டும் பேப்பரைக்கூட இன்னும் எறியவில்லை.

இதைப் படிக்கிற எல்லோருக்கும் சொல்கிறேன், உவர்மலை அக்காவுக்கும்தான். மெஷினைக் கவிழ்த்து அடிப்பக்கத் தகட்டைப் பாருங்கள். 120 வோல்ட் என்று மட்டும் இருந்தால் நம் சுவரில் நேரே குத்தக் கூடாது. இங்கே இலங்கையில் 230 வோல்ட். மின்னோட்டம் ஏறத்தாழ இரட்டிப்பாகும், சூடு நான்கு மடங்குக்குக் கிட்டப் போகும். 1,000 வாட் மெஷின் ஏறத்தாழ 3,700 வாட் இழுக்கப் பார்க்கும். கடையில் விற்கிற சின்ன அடப்டர் பின்னின் வடிவத்தைத்தான் மாற்றும், வோல்டை மாற்றாது. இதை எத்தனை பேருக்குச் சொல்லியும் நம்புகிறார்கள் இல்லை. இறக்கு டிரான்ஸ்ஃபோமர் வேண்டும், அதுவும் 1,000 வாட் மெஷினுக்கு 1,500 வாட் தாங்குவதாக. அது பாரமான இரும்புப் பெட்டி, விலையும் கூட. அந்தக் காசுக்கு இங்கேயே 230 வோல்ட் மெஷின் ஒன்று வாங்கிவிடலாம்.

இன்னொன்று. 230 வோல்ட் மெஷினாக இருந்தாலும் 5 அம்பியர் வட்டப் பின் சொக்கெட்டில் குத்த வேண்டாம். 5 அம்பியர் என்றால் 1,150 வாட்தான். 1,200 வாட் மெஷினை அதில் போட்டால் சொக்கெட் சூடேறி வெந்துபோகலாம். 13 அம்பியர் சதுரப் பின்னில், மல்டி பிளக் இல்லாமல், நேரே சுவரில் குத்துங்கள். பழைய வீடுகளில் குசினிக்கு எர்த் வயர் வருகிறதா என்றும் ஒருமுறை ஆளைக் கூப்பிட்டுப் பாருங்கள். ஈரக் கையோடு மாவை ஊற்றுகிற இடம் அது.

உவர்மலை வாசி

அண்ணா, நன்றி. என்னுடையது 230 தான், கொழும்பில் வாங்கியது. பழத்தைப் பற்றித்தான் கேட்டேன். நிலாவெளித் தம்பி, தண்ணீர் கூடுதல் என்பது விளங்குகிறது. குறைத்துப் போட்டால் வாசமும் குறையாதா?

கிண்ணியா ராத்தா

எங்கள் வீட்டில் பெருநாள் காலை. மச்சிமார் எல்லோரும் வந்திருந்தார்கள். பெரிய மச்சியின் மகள் வாஃபிள் மெஷினைக் கொண்டுவந்து குசினி மேசையில் வைத்து, கோதுமை மா, முட்டை, பால் என்று கரைத்து, ஆனைவாழைப்பழம் மசித்துப் போட்டாள். சுட்டால் மெத்தென்று வந்தது. தட்டில் வைத்ததும் துவண்டு விழுந்தது. மாமி ஒரு மூலையில் கதிரையில் இருந்து பார்த்துக்கொண்டே இருந்தவர், எழும்பி வந்து ஒன்றும் சொல்லாமல் அரிசி மாப் பேணியைத் திறந்து ஒரு பிடி அள்ளிப் போட்டார். பிறகு தேங்காய் முதற்பால் ஒரு அகப்பை. கையாலேயே கலக்கினார். "இப்ப ஊத்துங்க புள்ள." அடுத்தது துவளவே இல்லை, உடைக்கும்போது சத்தம் கேட்டது.

எவ்வளவு போட்டீர்கள் மாமி என்று கேட்டதற்குக் கையை விரித்துக் காட்டினார், அவ்வளவுதான். அச்சுப் பலகாரம் சுட்ட கை அது, அதற்கும் அரிசி மாவும் தேங்காய்ப் பாலும்தானே. அந்தக் கை என் கண்ணை விட்டுப் போகவில்லை. நான் அளந்து அளந்து கடைசியில் நின்ற கணக்கு இது: கோதுமை மா ஒரு கோப்பை, வறுக்காத அரிசி மா கால் கோப்பை, பேக்கிங் பவுடர் ஒன்றரைத் தேக்கரண்டி, உப்பு ஒரு சிட்டிகை, முட்டை ஒன்று, முதற்பால் முக்கால் கோப்பை, உருக்கிய பட்டர் மூன்று மேசைக்கரண்டி. வெள்ளைக்கருவைத் தனியே நுரைக்க அடித்துக் கடைசியில் சேர்த்தால் இன்னும் நல்லது. சீனி ஒரு மேசைக்கரண்டிக்கு மேல் வேண்டாம், பழத்தில் இருக்கிறது.

நிலாவெளித் தம்பி தயிரைப் பற்றிச் சொன்னதில் எனக்குக் கொஞ்சம் மாற்றுக் கருத்து. எங்கள் பக்கத்துச் சட்டித் தயிர் நல்ல கட்டி, ஆனாலும் சூடான வாஃபிளில் விட்டால் தண்ணீர் இறங்கி மொறுமொறுப்புப் போய்விடும், அன்னாசி இருந்தாலும் இல்லாவிட்டாலும். இரவே மெல்லிய துணியில் கட்டித் தொங்கவிட்டால் காலையில் பட்டர் பதத்துக்கு வரும். அதைப் பூசி, மேலே வாழைப்பழம், மேலே பாணி.

பாலையூற்றுப் பேத்தி

எல்லோரும் மெஷின் என்கிறீர்கள். 2022 மார்ச் கடைசியில் ஒரு நாளைக்கு 13 மணித்தியாலம் கரண்ட் இல்லாமல் இருந்தது நினைவிருக்கும். சமையல் காஸும் இல்லை. அப்போது எங்கள் பக்கத்து வீட்டுப் பறங்கி (ஐரோப்பிய வழிவந்த) ஆன்ரி ஒரு நீளக் கைபிடி போட்ட வார்ப்பிரும்பை வெளியே எடுத்தார். இரண்டு தகடு, நடுவில் கீல், உள்ளே கட்டம் கட்டமாக. அவருடைய அம்மாவின் சாமான். அடுப்பில் சிரட்டைக் கரி தணலாகும் மட்டும் காத்திருந்து, இரும்பை இரண்டு பக்கமும் திருப்பித் திருப்பிக் காய்ச்சி, தேங்காய் எண்ணெய் பூசி, மாவை ஊற்றி மூடினார். பழந்துணியால் கைபிடியைப் பிடித்து ஒரே சுழற்று. மேல் தகடு தணலுக்குப் போனது, ஒரு சொட்டு வெளியே வரவில்லை.

அவர் மாவுக்குள் பழம் போடவே மாட்டார். கொடித்தோடம்பழத்தின் (பாஷன் ஃபுரூட்) சாற்றைச் சீனியோடு காய்ச்சி, விதையும் அப்படியே கிடக்க, சூடு ஆறாத வாஃபிளின் குழிகளில் ஒவ்வொன்றாகக் கரண்டியால் நிரப்புவார். அந்தப் புளிப்பும் கரி வாசமும் இருந்ததே! குழி இருப்பதே அதற்குத்தான் என்பார். ஆகவே உவர்மலை அக்கா, பழம் மாவுக்குள்தான் போக வேண்டும் என்று ஏன் பிடிவாதம்? கறுத்தக்கொழும்பானைச் சுட்டால் அதன் பச்சை வாசம் போய்விடும், பிறகு அந்தப் பழத்தை வாங்கி என்ன பயன்.

ஆன்ரி பிறகு அவுஸ்திரேலியாவுக்கு மகளிடம் போய்விட்டார். இரும்பு எங்கே போனது என்று நான் கேட்கவில்லை. கேட்டிருக்கலாம்.

தம்பலகாமத்தான்

கன்னியாப் பக்கம் ரோட்டோரத்தில் பாலைப்பழம் விற்ற ஒரு ஆச்சியிடம் ஒரு சுண்டு வாங்கினேன். வாஃபிளுக்கு மேல் போடலாம் என்று நினைப்பு. என்ன தம்பி செய்யப்போறாய் என்று கேட்டார், சொன்னேன். "சுடாத, அந்தப் பால் ஒட்டும், சும்மா சாப்பிடு" என்றார். தேன் போன்ற இனிப்புப் பழம், ஆனால் பால் உதட்டிலே ஒட்டிக்கொள்ளும், தெரிந்ததுதானே. வீட்டில் தங்கச்சி கொட்டையை நீக்கி மாவில் கலந்துவிட்டாள். தகட்டின் குழிகளில் பிடித்த பிசின் கொதிநீருக்கும் வரவில்லை, தேங்காய் எண்ணெய் பூசி ஊறவிட்டுத்தான் எடுத்தோம். வாஃபிள் என்னவோ நல்ல ருசி. ஆச்சி சொன்னதைக் கேட்காமல் அவ்வளவு ருசி கிடைத்ததும் ஒரு மாதிரி மனதை உறுத்துகிறது.

நிலாவெளி குசினி

கிண்ணியா ராத்தா, துணியில் கட்டுவது சரி. ஆனால் அன்னாசி பச்சையாக இருந்தால் கட்டின தயிரும் கசக்கும், அதை நான் விட்டுக்கொடுக்க மாட்டேன். பாலையூற்றுத் தங்கச்சி சொல்வதும் முழுக்கச் சரியில்லை. சுட்ட மாம்பழத்துக்குப் பச்சை வாசம் போகும்தான், ஆனால் வேறு ஒரு வாசம் வரும். உவர்மலை அக்கா கிள்ளித் தின்றது அதைத்தான்.

அக்கா, இப்படிச் செய்யுங்கள். சாற்றைத் தடித்த சட்டியில், மெல்லிய நெருப்பில், கரண்டியால் இழுத்தால் அடி தெரிகிற மட்டும் வற்றவையுங்கள். ஒரு கோப்பை கால் கோப்பையாகும். தண்ணீர்தான் போகும், ருசி நிற்கும். ராத்தாவின் கணக்கில் சீனியை விட்டுவிட்டு இதில் மூன்று மேசைக்கரண்டி சேருங்கள். லைட்டை நம்ப வேண்டாம், ஆவியைப் பாருங்கள். மூடி இடுக்கால் ஆவி வருவது நின்ற பிறகுதான் உள்ளே வெந்திருக்கும், அதற்கு முன் தூக்கினால் கிழியும். சூட்டைப் பாதியில் வையுங்கள், சீனி கூடின மா உச்சச் சூட்டில் கறுக்கும். எடுத்ததைத் தட்டில் அடுக்காமல் கம்பித் தட்டில் தனித்தனியே விடுங்கள், இல்லாவிட்டால் அதன் ஆவியிலேயே அது துவண்டுவிடும்.

உவர்மலை வாசி

இன்று காலை செய்தோம். வற்றவைக்க எதிர்பார்த்ததைவிட நேரம் எடுத்தது, கடைசியில் தெறித்துக் கையைச் சுட்டது, மற்றவர்கள் கவனம். அரிசி மா ராத்தா சொன்ன அளவில். ஆவி நின்றதும் தூக்கினேன், ஒரே துண்டாக வந்தது. நிறம் கடும் பொன்னிறம், ஓரம் மட்டும் கொஞ்சம் கறுப்பு.

அந்த ருசி வந்தது. முழுவதிலும். மகள் பாணி வேண்டாம் என்றாள். பாலையூற்றுத் தங்கச்சி சொன்னபடி பழைய கறுத்தக்கொழும்பான் இரண்டைப் பச்சையாக வெட்டிப் பக்கத்தில் வைத்தேன். இரண்டும் இரண்டு ருசி, இரண்டுமே வேண்டும் என்றுதான் வீட்டில் தீர்ப்பு. வீட்டில் இனி அம்பலவி மாம்பழம்தான் மிச்சம். அது நார் குறைவு, சாறும் தடிப்பு, வற்றவைக்க நேரம் மிச்சமாகும் என்று நினைக்கிறேன். அடுத்த ஞாயிறு அதில்.