எஃப்எம்எஸ் கணக்கு போட்டும் விமானம் ஏன் தப்பான உயரத்துக்கு இறங்குது?

நீலவானம்:
எல்லாருக்கும் வணக்கம். பைலட் கிரவுண்ட் கிளாஸ்ல எஃப்எம்எஸ் (விமானத்தோட வழியையும் உயரத்தையும் கணக்கு போடுற கம்ப்யூட்டர்) பாடம் போயிட்டிருக்கு. எங்க இறங்க ஆரம்பிக்கணும்னு டாப் ஆஃப் டிசென்ட் பாயிண்டை அதுவே காட்டுது, காத்து, எடை, வழியில இருக்கிற உயரக் கட்டுப்பாடு எல்லாத்தையும் சேர்த்துதான் கணக்கு போடுது. அப்புறமும் நல்லா பறந்துட்டிருந்த விமானம் இறங்கும்போது மலையில மோதுச்சுன்னு படிக்கிறப்ப வயித்தைப் பிசையுது. மெஷின் தப்பு பண்ணுதா, இல்ல நாம அதுகிட்ட தப்பா சொல்றோமா?

வானோடி:
தம்பி, பெரும்பாலும் மெஷின் சொன்னதைத்தான் செய்யுது, என்ன சொன்னோம்னு சொன்னவங்களுக்கே தெரியாம போறதுதான் ஆபத்து. 1992 ஜனவரி 20, பிரான்ஸ்ல ஸ்ட்ராஸ்பர்க் பக்கம் ஒரு ஏ320 இருட்டுல மலையில மோதி 96 பேர்ல 87 பேர் இறந்தாங்க. விசாரணையில வலுவா பேசப்பட்ட காரணம் இதுதான்: 3.3 டிகிரி கோணத்துல இறங்கணும்னு நினைச்சு 33ன்னு வெச்சிருக்காங்க, ஆனா மோடு கோணத்துல இல்லாம வெர்டிகல் ஸ்பீடுல (நிமிஷத்துக்கு எத்தனை அடி இறங்கணும்ங்கிற மோடு) இருந்திருக்கு, அதனால நிமிஷத்துக்கு 3,300 அடி வேகத்துல விமானம் சரிஞ்சிடுச்சு. சாதாரணமா அந்த இடத்துல 800 அடி இருந்தா போதும். அப்ப ரெண்டு மோடுக்கும் திரையில ரெண்டே இலக்கம்தான், அப்புறம்தான் ஏர்பஸ் வெர்டிகல் ஸ்பீடை நாலு இலக்கமா காட்ட ஆரம்பிச்சாங்க. தரை நெருங்குதுன்னு கத்துற ஜிபிடபிள்யூஎஸ் கருவியும் அந்த விமானத்துல இல்ல. அதனால நாப்பைத் திருப்பினதோட விட்டுடாத, பிஎஃப்டிங்கிற முதன்மைத் திரையோட மேல்பக்கம், மோடைக் காட்டுற எஃப்எம்ஏ வரிசையில என்ன மோடு எரியுதுன்னு படிச்சு வாய்விட்டு சொல்லு, பக்கத்துல இருக்கறவரும் பாத்து ஆமான்னு சொல்லணும்.

கடற்காகம்:
1995 டிசம்பர் 20, கொலம்பியாவோட காலி (Cali) நகரம் பக்கம் நடந்த விபத்தையும் கட்டாயம் படிங்க. போயிங் 757. ரோசோங்கிற பீக்கனுக்கு (வழிகாட்டும் ரேடியோ நிலையம்) போகணும்னு எஃப்எம்எஸ்ல ஆர்னு அடிச்சாங்க, அது எடுத்துக்கிட்டது போகோட்டா பக்கம் இருந்த ரோமியோ பீக்கனை, விமானம் இறங்கிக்கிட்டே மலைப் பக்கம் திரும்பிடுச்சு. எச்சரிக்கை வந்ததும் மேல தூக்கினாங்க, ஆனா ஸ்பீட்பிரேக்கை (வேகத்தைக் குறைக்க இறக்கை மேல விரியுற தகடு) மடக்கவே இல்ல. 159 பேர் இறந்தாங்க. எஃப்எம்எஸ்ல எக்ஸிக்யூட் பட்டனை அழுத்துறதுக்கு முன்னாடி மேப்ல கோடு எங்க போகுதுன்னு ஒரு பார்வை பாருங்க.

நீலவானம்:
நன்றி சார். அப்ப ஒவ்வொரு நாட்டிகல் மைலுக்கும் சுமார் 300 அடின்னு தூரத்தையும் உயரத்தையும் ஒப்பிட்டுப் பார்த்துட்டே வந்தா தப்பைப் பிடிச்சிடலாம்ல?

மேகத்துக்குமேல்:
மோடு தப்பு, பாதை தப்புன்னா பிடிச்சிடலாம். கியூஎன்ஹெச் (உயரத்தைக் கணக்கிட ஆல்டிமீட்டர்ல வைக்கிற காத்தழுத்த அளவு) தப்புன்னா பிடிக்க முடியாது, இதைத்தான் நிறைய பேர் கவனிக்கறதில்ல. 2022 மே மாசம் பாரிஸ் சார்ல் டி கோல் ஏர்போர்ட்ல ஐஎல்எஸ் (ரேடியோ சிக்னலால ரன்வேக்கு வழிகாட்டுற கருவி) வேலை செய்யாததால ஒரு ஏ320 பாரோ விஎன்ஏவி (காத்தழுத்தத்தை வெச்சு இறங்கும் பாதையைக் கணக்கு போடுற முறை) அப்ரோச்ல வந்துச்சு. உண்மையான கியூஎன்ஹெச் 1001, கன்ட்ரோலர் வாய்தவறி 1011னு சொல்லிட்டார், அவங்களும் அதையே செட் பண்ணிட்டாங்க. ஒரு ஹெக்டோபாஸ்கலுக்கு 28 அடின்னா 10க்கு 280 அடி. விமானம் முழுசா அவ்வளவு கீழ வந்துட்டிருக்கு, ஆனா எஃப்எம்எஸ்ஸும் ஆல்டிமீட்டரும் ஒரே தப்பு அழுத்தத்தை நம்புறதால பாதை சரி, தூரம் உயரம் டேபிளும் சரி, எல்லாமே சரின்னு காட்டுது. ரன்வே கண்ணுக்குத் தெரியலன்னு இறங்காம மறுபடி மேல ஏறி கோ அரவுண்ட் போனதாலதான் தப்பிச்சாங்க, அப்ப ரேடியோ அலையால தரையிலிருந்து உயரத்தை அளக்கிற ரேடியோ ஆல்டிமீட்டர் கணக்குப்படி தரைக்கு மேல வெறும் 6 அடி, ரன்வேக்கு இன்னும் ஒன்றரை கிலோமீட்டர் பாக்கி!

அதனால ஏடிஐஎஸ்ல (ஏர்போர்ட்டோட வானிலைத் தகவல் ஒலிபரப்பு) வந்த கியூஎன்ஹெச்சையும் கன்ட்ரோலர் சொன்னதையும் ஒப்பிடுங்க, ரெண்டும் ஒத்துவரலன்னா கூச்சப்படாம திருப்பிக் கேளுங்க. ஐஎல்எஸ்ல இறங்கும் சரிவைக் காட்டுற கிளைட்ஸ்லோப் ஒரு ரேடியோ சிக்னல், அதுக்கு கியூஎன்ஹெச் தேவையில்ல, அதுல பழகின கை பாரோ விஎன்ஏவிலயும் அதே நம்பிக்கையோட உட்கார்ந்துடுது, எனக்குக் கவலையே அதுதான்.

வானோடி:
ஆமா, இதைச் சேர்த்துக்கோ தம்பி. கடைசி 1,000 அடிக்குள்ள ரேடியோ உயரத்தையும் ஒரு கண்ணு பாரு, அது கியூஎன்ஹெச்சைக் கேட்காது. ஆனா ரன்வேக்கு முன்னாடி பள்ளம் மேடு இருந்தா அந்த நம்பர் ஏறி இறங்கும், அதனால சார்ட்ல நிலம் எப்படி இருக்குன்னு பிரீஃபிங்லயே பாத்து வெச்சுக்கோ.