அப்பாவின் ஆவோ 8: செல் ஒழுகிப் பச்சை பூத்துவிட்டது

மாட்டுங்காவாசி:
அப்பா ரேடியோ பழுது பார்த்த காலத்து ஆவோ மாடல் 8 மல்டிமீட்டரை (வோல்டேஜ், மின்தடை அளக்கும் முள் கருவி) பரணிலிருந்து இறக்கினேன். வோல்டேஜ் சரியாகக் காட்டுகிறது. ஓம்ஸில், அதாவது மின்தடை அளக்கையில், முள் அசையவே இல்லை. பின்மூடியைக் கழற்றினால், பெரிய செல் ஒழுகி பித்தளைத் தகடெல்லாம் பச்சை. மும்பையின் எலக்ட்ரானிக்ஸ் சந்தையான லாமிங்டன் ரோட்டில் ஒருவர் "காயலான் கடைக்குப் போடுங்க" என்றார். மனசு வரவில்லை.

சால்டரிங்தாத்தா:
தம்பி, வோல்டேஜ் அளக்க இதற்கு செல்லே வேண்டாம், அதனால் அது பிழைத்தது. ஒழுகியது அல்கலைன் என்றால் காரம். எலுமிச்சைச் சாறோ வினிகரோ போதும். பழைய துத்தநாக செல் என்றால் சமையல் சோடா கரைசல். பஞ்சுக்குச்சியால் ஒற்றுங்கள், ஊற்றிவிடாதீர்கள். முள் சுருளுக்குள் ஈரம் போனால் கதை முடிந்தது. கடைசியில் ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலால் துடையுங்கள்.

செம்பூர்க்காரன்:
பெரிய செல்லோடு இதற்கு வேண்டிய இன்னொன்றான 15 வோல்ட் பேட்டரிக்கு அலைய வேண்டாம். 3 வோல்ட் 2032 காசு செல் 5 தொடராக வைத்தால் அதே 15. அதிக மின்தடை அளக்கும் ×100 ரேஞ்சுக்கு மட்டும்தான் அது.

மாட்டுங்காவாசி:
அல்கலைன்தான், ஐயா. எலுமிச்சை பட்டதும் புஸ்ஸென்று நுரைத்தது. ஆனால் ஸ்பிரிங் கையோடு வந்துவிட்டது. பழைய டார்ச்சிலிருந்து ஒன்றைப் பிடுங்கிப் பற்றவைத்தேன். முள் பூஜ்யத்துக்கு வந்தது! ×100 ஞாயிற்றுக்கிழமை.