பாடவேளையில் பத்து நிமிடம் அமைதிப்படுத்துவதிலேயே போகிறது: வகுப்பை நடத்தும் முறையைத் தனியே கற்க வேண்டுமா?

கேள்வி:
எட்டாம் வகுப்புக்குக் கணிதம் எடுக்கத் தொடங்கி மூன்று மாதங்கள் ஆகின்றன. 42 மாணவர்கள் உள்ள அவ்வகுப்பில், 45 நிமிடப் பாடவேளையில் ஏறத்தாழ 10 நிமிடம் "பேசாதீர்கள்" என்று சொல்வதிலேயே கரைந்துவிடுகிறது. வாரத்துக்கு 5 பாடவேளை என்று கணக்கிட்டால் 50 நிமிடம், அதாவது ஒரு முழுப் பாடவேளைக்கும் மேல், வீணாகிறது. பேசுவோர் பெயரை வகுப்புத் தலைவனைக் கொண்டு கரும்பலகையில் எழுதவைத்தேன். யார் பெயரை எழுதினான், யாரை விட்டான் என்பதே புதிய சண்டையாகிவிட்டது. பாடத்தை நன்றாக நடத்தினால் வகுப்பு தானே அடங்கும் என்கிறார் மூத்த ஆசிரியர் ஒருவர். அது உண்மைதானா?

பதில் 1:
பாதி உண்மை. உளவியலாளர் ஜேக்கப் கூனின் வகுப்பறைகளைக் காணொளியில் பதிவுசெய்து ஆராய்ந்து, 1970இல் தம் முடிவுகளை வெளியிட்டார். குறும்பு நடந்தபின் ஆசிரியர் எப்படிக் கண்டிக்கிறார் என்பதைக் கொண்டு ஒழுங்கான வகுப்பையும் குழப்பமான வகுப்பையும் பிரித்தறிய முடியவில்லை. வகுப்பு முழுவதையும் கவனத்தில் வைத்துக்கொண்டு, தொய்வின்றிப் பாடத்தை நகர்த்தும் திறனில்தான் வேறுபாடு இருந்தது. அந்த 10 நிமிடம் எங்கே போகிறது என்று ஒரு வாரம் குறித்து வையுங்கள். ஒரு வேலை முடிந்து அடுத்தது தொடங்கும் இடைவெளியில்தான் அது போகிறது என்பது என் ஊகம். குறிப்பேடுகளைக் கையில் கொடுத்தபின் என்ன செய்ய வேண்டும் என்று விளக்கத் தொடங்கினால், பாதிப் பேர் கேட்க மாட்டார்கள். கேளாதவர்கள் பக்கத்தில் இருப்பவரிடம் கேட்பார்கள். அதை நாம் பேச்சு என்று கண்டிப்போம். ஆகவே விளக்கம் முதலில், குறிப்பேடு பிறகு. கணக்கை விரைவில் முடிப்பவர்களுக்கு அடுத்த கணக்கும் கரும்பலகையில் தயாராக இருக்கட்டும். வேலை இல்லாத கைதான் அடுத்தவனைச் சீண்டும்.

பதில் 2:
மேற்சொன்னதை ஏற்கிறேன், ஆனால் அமைதியையே இலக்காக வைத்துவிடாதீர்கள். கல்லென்று அமர்ந்திருக்கும் வகுப்பிலும் ஒன்றும் புரியாதவர்கள் இருப்பார்கள். அறிவியல் கல்வி ஆய்வாளர் மேரி பட் ரோ, ஆசிரியர்கள் கேள்வி கேட்டபின் சராசரியாக ஒரு நொடியளவே காத்திருந்ததைக் கண்டறிந்தார்; அதை 3 நொடிக்கு மேல் நீட்டியபோது விடைகள் நீண்டன, பேசாதிருந்த பிள்ளைகளும் பேசினர். கேள்வியை முதலில் வகுப்புக்கு முன் வைத்து, சற்றுப் பொறுத்து, அதன்பின் பெயர் சொல்லி அழையுங்கள். பெயரை முதலில் சொல்லிவிட்டால் மீதி 41 பேருக்கு அந்தக் கேள்வி சொந்தமில்லை.

பதில் 3:
ஒன்று மட்டும். இருவர் செய்த தவறுக்கு வகுப்பு முழுவதையும் நிற்க வைக்காதீர்கள். தவறு செய்யாதவர்களும் அன்றிலிருந்து உங்கள் பக்கம் நிற்க மாட்டார்கள். அந்த இருவரிடம் வகுப்பு முடிந்தபின், மற்றவர் காதில் விழாமல் பேசுங்கள்.

கேள்வி கேட்டவர்:
அனைவருக்கும் நன்றி. ஒரு வாரம் குறித்துப் பார்த்தேன். 10 நிமிடத்தில் 6 நிமிடம் வீட்டுப்பாடக் குறிப்பேடுகளைத் திருப்பிக் கொடுப்பதில் போயிருந்தது. குற்றவாளி நான்தான் போலும். இப்போது அவற்றை வரிசைவாரியாக அடுக்கி வைத்து, கரும்பலகையில் ஒரு கணக்கை எழுதியபின் வழங்குகிறேன்; 2 நிமிடத்தில் முடிகிறது. கடைசி வரிசை இருவர் மட்டும் இன்னும் அப்படியேதான் இருக்கிறார்கள். நாளை தனியே பேச அழைத்திருக்கிறேன்.